இறக்கம் பார்த்து நிறுத்திய வண்டி

எங்கள் பக்கத்தில் மேடு என்று காட்ட ஒன்றும் கிடையாது. கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் குத்தாலத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் வயல், வாய்க்கால், மறுபடியும் வயல். அந்தத் தட்டைப் பூமியில் இருக்கிற இறக்கங்கள் எல்லாம் என் அப்பாவுக்கு மனப்பாடம். வாய்க்கால் பாலத்தின் கிழக்குப் பக்கம். ரயில்வே கேட்டுக்கு இந்தப்புறம் ஐம்பது அடி. கோயில் குளத்தின் வடகரை. அரிசி மில் வாசல். எந்த வேலையாகப் போனாலும் வண்டியை அப்படி ஓர் இடத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்துவிட்டுத்தான் நகருவார். திரும்பும்போது செங்கல்லை எடுத்துவிட்டு வண்டியை உருளவிடுவார். கொஞ்சம் வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடைத்தெருவில் இறக்கம் இல்லாததால் அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு மளிகை மூட்டையைத் தோளில் சுமந்து வருவார். கார் வைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிற ஒரே டிரைவர் அவர்தான் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அது ஆறு வோல்ட் வண்டி. சுதந்திரத்துக்கு முன்பு கப்பலில் வந்து இறங்கியது. கறுப்பு நிறம், மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. இப்போது ஓடும் கார்களுக்கெல்லாம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. இதற்கு அதில் பாதி. பாதி அழுத்தத்தில் அதே வேலையைச் செய்ய இரண்டு மடங்கு மின்சாரம் ஓட வேண்டும். ஒயர் முனையில் கொஞ்சம் பச்சை பூத்திருந்தால் போதும், பேட்டரியிலிருந்து கிளம்பியது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் மூன்று முறை முனகிவிட்டு ஓய்ந்துவிடும். முன்விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் கையைக் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். இறக்கம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் முன்பக்க ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அது சில சமயம் திருப்பி அடிக்கும். அப்பாவின் வலது மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருப்பது அதனால்தான். எந்த நொடியில் கையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். வேறு யார் ஏறி உட்கார்ந்தாலும் அந்த வண்டி கிளம்பாது.

வண்டி எங்களுடையது இல்லை. ஒரு காலத்தில் ஊரில் பாதி நிலம் வைத்திருந்த பெரிய வீட்டுக்குச் சொந்தம். பிள்ளைகள் படித்து மெட்ராஸுக்கும் அமெரிக்காவுக்கும் போனபின் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. பெரியவர் காலமானதும் அவர் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போனார். வயதானவரைப் பார்த்துக்கொள்ள என் அம்மாவை உடன் அழைத்துப் போனார்கள். "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போன அம்மா, ஆறு வருஷமாகத் தீபாவளிக்கு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு இருந்தது சமையற்கட்டை ஒட்டி ஒரு பாய் விரிக்கும் இடம். அவர்களிடம் புதுக் காரும் அதற்கொரு டிரைவரும் இருந்ததால் அப்பாவுக்கு அங்கே வேலை இல்லை. "வண்டியப் பாத்துக்கோ" என்று ஷெட் சாவியைக் கொடுத்திருந்தார்கள். பூட்டிய வீட்டின் கொல்லையில், ஷெட்டை ஒட்டிய இரண்டு அறையில் அப்பாவும் நானும் இருந்தோம்.

கல்யாண நாட்களில் வண்டியை ஜானவாசத்துக்கு எடுத்துக்கொள்ள அப்பாவுக்கு அனுமதி இருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின மாலை, மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து நாதஸ்வரத்தோடு ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். சுற்றுவட்டத்தில் கூரை மடக்கும் கார் அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. ஊர்வலத்தைப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து, கிழக்கு பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்பார். டிரைவருக்கு எவ்வளவு பக்தி என்று பெண் வீட்டார் மெச்சுவார்கள். அந்தக் கோயில் வாசல் கிழக்கே சரிகிறது என்ற விஷயம் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

ஆனால் ஊர்வலம் நடக்கிற வேகத்தில் போகும். அந்த வேகத்தில் டைனமோ சார்ஜ் ஏற்றாது. பாதித் தெருவில் விளக்கு மங்கி, இன்ஜின் இருமி நின்றுவிடும். மாப்பிள்ளையின் நண்பர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவார்கள். "தாலி கட்டறதுக்கு முன்னாடியே தள்ள வெச்சுட்டியேடா" என்று ஒருவன் கத்துவான். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பத்தாவது தேறிய முதல் ஆளும், எலெக்ட்ரிகல் டிப்ளமா வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் என் வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். முதல் வகுப்பில் தேறியவள் நான் ஒருத்தி. சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபின்தான், அதைப் பற்றிப் பேச அந்த ஊரில் ஆளில்லை என்று தெரிந்தது. கூடப் படித்தவர்கள் பெங்களூர், ஓசூர் என்று போய்விட்டார்கள். பள்ளித் தோழிகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்டார்கள். அப்பா கேட்கவே மாட்டார். அவர் பேசுவது குறைவு. சாப்பிட்டாயா, கதவைச் சாத்தினாயா, அவ்வளவுதான். நான் விண்ணப்பம் எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். தபால்காரர் எங்கள் கொல்லைக்கு வரும் வழியையே மறந்துவிட்டார்.

அந்தக் கார்த்திகையில் பெரிய வீட்டுச் சின்னவர் அமெரிக்காவிலிருந்து டீக்கடை போனுக்குப் பேசினார். அப்பா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றார். தையில் உறவில் ஒரு கல்யாணத்துக்கு அவர் ஊருக்கு வருகிறார். அப்போது வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம், ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கும்பகோணத்தில் ஆள் பார்த்து வை. பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ரிசீவரைப் பிடுங்கினேன்.

"சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆறு வோல்ட் சிஸ்டம்தான் பிரச்சினை. பன்னிரண்டா மாத்திட்டா புதுக் கார் மாதிரி கிளம்பும்."

"யாரு பேசறது?"

"டிரைவர் பொண்ணு சார். எலெக்ட்ரிகல் டிப்ளமா."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "அட! சரி, நீயே மாத்து. ஆகற செலவ நான் பாத்துக்கறேன். நான் வரச்ச சாவியப் போட்டதும் கிளம்பணும். கிளம்பலேன்னா இரும்புக்காரன்தான்."

வீட்டுக்கு நடக்கும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். காயில் மாற்ற வேண்டும், எல்லா பல்பும் மாற்ற வேண்டும், டைனமோ வேறு தேட வேண்டும். ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டாம், சில நொடி ஓடுவது பன்னிரண்டையும் தாங்கும். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது அப்பா கேட்டார்.

"அப்புறம் ஹேண்டில் வேணாமா?"

"வேணாம்ப்பா."

"இறக்கம் பாத்து நிறுத்த வேணாமா?"

"எங்க வேணாலும் நிறுத்தலாம்."

"யார் வேணாலும் ஓட்டலாமா?"

"சின்னப் புள்ளகூட ஓட்டலாம்" என்றேன் பெருமையாக. அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

கும்பகோணத்தில் ஒரு ஒயரிங் கடைக்குப் போனேன். ஷட்டருக்கு வெளியே மூன்று பேர் ஒரு லாரியின் வயிற்றுக்குள் தலையைவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பன்னிரண்டு வோல்ட் டைனமோ வேணும். பழசா இருந்தாப் போதும்."

"வீட்டுக்காரர் வரலியாம்மா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு வீட்டுக்காரர் இல்லைங்க. வேலைய நான்தான் செய்யறேன்."

லாரிக்கு அடியிலிருந்து ஒரு குரல், "அண்ணே, நாம கடையச் சாத்திட்டுக் கோலம் போடப் போலாம்" என்றது. மற்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் மட்டும் அக்கறையாகச் சொன்னார்: "பாத்துமா, பன்னிரண்டு வோல்ட்டு. தொட்டா ஷாக் அடிச்சிரும்."

"பன்னிரண்டு வோல்ட் உடம்புல ஷாக் அடிக்காதுங்க. தோலோட தடையத் தாண்டி வராது."

அடுத்த சிரிப்பு அவரை நோக்கித் திரும்பியது. முறைத்துக்கொண்டே உள்ளே போய், ஒரு ஜீப்பிலிருந்து கழற்றிய டைனமோவை எடுத்து வந்து வைத்தார்.

அதைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஏழெட்டுக் கிலோ இருக்கும். கண்டக்டர் குனிந்து, "காத்து அடிக்குதேம்மா, புள்ளைக்குத் தலைய மூடு" என்றார். "இது டைனமோங்க" என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் நகர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே சம்பா கதிர் பிடித்து நின்றது. இன்று ஒரு கடையையே வாயடைக்க வைத்தேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மார்கழி முழுக்க வேலை நடந்தது. அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் வண்டி ஷெட்டிலேயே நின்றது. நான் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து நோட்டில் படம் வரைந்தேன். அப்பா கேட்டதை எடுத்துக் கொடுப்பார். நான் விளக்கிக்கொண்டே இருப்பேன். அவர் "ம்" போடுவார்.

ஒரு தப்பு செய்தேன். இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு சேர்ந்திருந்தது. பழைய இங்கிலீஷ் வண்டிகளில் அப்படித்தான். அதை நான் கவனித்திருந்தேன். ஆனால் ஜீப்பில் அது தலைகீழ் என்பதை யோசிக்காமல் டைனமோவை அப்படியே மாட்டிவிட்டேன். இன்ஜின் வேகம் எடுத்ததும் டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கட்-அவுட் பெட்டியிலிருந்து புகை வந்தது. ரப்பர் கருகும் வாடை. அப்பா ஓடிவந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். அன்று நான் சாப்பிடவில்லை. தட்டை மூடிவைத்துவிட்டுப் பாலிடெக்னிக் நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் தனியாக இருப்பதாக அன்றுபோல் என்றும் தோன்றியதில்லை.

மறுநாள் விடை கிடைத்தது. டைனமோவின் இரும்புக்குள் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்கும். அது எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் மின்சாரம் பிறக்கும். திசையை மாற்ற, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து டைனமோவின் ஃபீல்டு முனையில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும்.

"அது இன்னும் ஜீப்புலயே இருக்கறதா நெனச்சுக்கிட்டிருக்குப்பா. அதான் தப்பாப் போகுது" என்றேன்.

"இரும்பா நெனைக்குது?" என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

புதுக் கட்-அவுட் மாட்டி, ஒயரைத் தொட்டு எடுத்தேன். ஒரு நீலப் பொறி. இன்ஜினைக் கிளப்பினோம். சார்ஜ் காட்டும் மீட்டரின் முள் இத்தனை வருஷம் இடப்பக்கம் படுத்தே கிடந்தது. அன்று அது நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது. ஹாரனை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தேன். அப்பா அழுத்தினார். ஆறு வோல்ட்டில் எருமை மாதிரி கத்தியது, பன்னிரண்டில் கீச்சென்று அலறியது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "என்னங்க, உங்க வண்டி வயசுக்கு வந்துருச்சா?" என்று டீக்கடையில் இரண்டு நாள் கேட்டார்கள்.

தை பிறந்தது. சாலையெல்லாம் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். சின்னவர் வந்து இறங்கினார். நாற்பது வயது, அரைக்கால் சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். அந்தக் கல்யாணத்து ஜானவாசத்துக்கு எங்கள் வண்டிதான். அப்பா பழக்கம் விடாமல் பிள்ளையார் கோயில் சரிவிலேயே நிறுத்தி, சக்கரத்துக்குச் செங்கல்லும் வைத்திருந்தார். சின்னவர் வந்து, "எங்க, எடு பாப்போம்" என்றார். நான் கூட்டத்துக்குப் பின்னால் எக்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை அழுத்தினார். ஒரே திருப்பு. உருளவே இல்லை. செங்கல் வைத்த இடத்திலேயே இருந்தது.

முன்விளக்கு இரண்டும் எரிந்தபோது நாதஸ்வரக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். கியாஸ் லைட் தூக்கி வந்த ஆள், "நான் எதுக்குங்க வந்தேன்?" என்றான். மாப்பிள்ளையைச் சுற்றிக் கட்டியிருந்த சின்னச் சின்ன பல்புகள் தெருக்கோடி வரை மங்காமல் எரிந்தன. யாரும் தள்ளவில்லை. அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அந்த முகம் வேறு மாதிரி இருந்தது. நான் செய்தது, நான் செய்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஊர்வலத்தின் ஓரமாக நடந்தேன். இரும்புக்காரனிடமிருந்து வண்டி தப்பித்துவிட்டது.

மறுநாள் சின்னவர் ஷெட்டுக்கு வந்தார். சாவியை வாங்கி, தானே ஏறி உட்கார்ந்து கிளப்பினார். கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினார். தானே ஓட்டிக்கொண்டு ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினார். அப்பா ஷெட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை ஏற்றாமல் அந்த வண்டி ரோட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

"பிரமாதம்" என்று இறங்கினார் சின்னவர். "இத ஏன் இங்க ஷெட்ல போட்டு வெக்கணும்? மெட்ராஸ் வீட்டுக்குக் கொண்டு போயிடறேன். அங்க டிரைவர் இருக்கான், வாரா வாரம் எடுப்பான். அம்மாவும் ஆசப்படுவா."

"சரிங்கய்யா" என்றார் அப்பா.

"சார், இங்கயே இருந்தா அப்பா நல்லாப் பாத்துப்பாங்க…" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உனக்கு நான் தேங்க்ஸ் சொல்லணும். நீ பண்ணலேன்னா இத இந்நேரம் இரும்புக்குப் போட்டிருப்பேன்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "வேலைக்கு எழுதிப் போட்டியா? ஓசூர்ல மோட்டார் ஃபேக்டரில என் ஃப்ரெண்ட் இருக்கான். லெட்டர் தரேன்" என்றார்.

அந்தக் கடிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மெட்ராஸ் டிரைவர் வந்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவனாக இருப்பான். அப்பா அவனுக்குத் தண்ணீர் ஊற்றும் இடம், எண்ணெய் பார்க்கும் இடம் எல்லாம் காட்டினார். கடைசியில், "எங்க நிறுத்தினாலும் கொஞ்சம் எறக்கமாப் பாத்து நிறுத்துங்க தம்பி" என்றார்.

"எதுக்குண்ணே? சாவி போட்டா சும்மா கும்முன்னு எடுக்குது. யாரு பண்ணினது ஒயரிங்? சுத்தமான வேலை."

"எம் பொண்ணு. டிப்ளமா" என்றார் அப்பா.

அவர் வாயால் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடியை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவன் ஹேண்டிலை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். "இது வேணாம்ணே, டிக்கில கடகடங்கும். நீங்களே வெச்சுக்கங்க." வண்டி கீச்சென்று ஒரு ஹாரன் அடித்துவிட்டு, வாய்க்கால் பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. ஷெட் தரையில் எண்ணெய்க் கறை நீளவாட்டில் கிடந்தது. அப்பா கதவைச் சாத்திப் பூட்டினார். உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும் பூட்டினார்.

இரண்டு நாள் கழித்து அம்மா போனில் பேசினாள். "வண்டி வந்துருச்சுடி. வாசல்ல துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க. பாக்க நம்ம வீட்டு ஆளு வந்த மாதிரி இருக்கு" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார்.

பங்குனியில் ஓசூரிலிருந்து கடிதம் வந்தது. சைக்கிளில் என் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். அங்கேயும் பாலத்துச் சரிவைப் பார்த்துத்தான் சைக்கிளை நிறுத்தினார்; சைக்கிளுக்கு என்ன இறக்கம்? அதைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"யார் வேணாலும் ஓட்டலாமான்னு கேட்டீங்களே. அப்பவே தெரியுமாப்பா?"

"தெரியாம என்ன. யார் வேணாலும் ஓட்டலாம்னா யாராச்சும் எடுத்துட்டுத்தான் போவாங்க."

"இரும்புக்குப் போயிருந்தாலும் போனதுதானே?"

"அந்த இரும்புக்காரருகிட்ட ரெண்டு வார்த்த பேசினா விட்டுட்டுப் போயிருப்பாரு. ஓடாத வண்டிய மெட்ராஸுக்கு யாரு தூக்கிட்டுப் போறது? ஆறு வருஷமா அப்படித்தானே காப்பாத்தி வெச்சேன்."

"அப்ப ஏம்ப்பா என்னத் தடுக்கல?"

அப்பா பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். மெதுவாக, முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார்.

"உங்கம்மா போனதுலேருந்து வீட்டுல பேச்சுச் சத்தமே கெடையாது, ஆயி. அந்த ஒரு மாசம் நீ பேசிட்டே இருந்தே."

பஸ் வந்தது. ஏறினேன்.

ஓசூரில் ஒரு அறையில் நான்கு பேர் தங்கியிருக்கிறோம். மற்ற மூவரும் பேசும் தெலுங்கும் கன்னடமும் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடை போனுக்குப் பேசுவேன். அப்பா பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து காத்திருப்பதாகக் கடைக்காரர் சொல்வார். அந்த வாரம் எந்த மோட்டாரைப் பிரித்தேன், எதில் கம்பி சுற்றினேன், எங்கே தப்பு செய்தேன் என்று சொல்லிக்கொண்டே போவேன். அந்தப் பக்கம் "ம்" கேட்கும். நான் நிறுத்தினால், லாரி ஒன்று பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்கும். பிறகு அப்பா, "அப்புறம்?" என்பார்.